மூன்றுக்கு மேல் போகாத வலி

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் பதினெட்டு நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒருத்தியும் நோயாளி அல்ல, வெர்னரின் மனைவி யூட்டெ. காலி அரசவையில் வீற்றிருக்கும் மகாராணி மாதிரி, மடியில் பின்னலோடு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவலிக்காரர்கள் பதினொரு பேரும் சுவரில் சாய்ந்தும், சன்னல் விளிம்பைப் பிடித்தும், கால் மாற்றி மாற்றியும் கொக்குக் கூட்டமாக நின்றார்கள். வெர்னர் கதவோரம் நின்றார். பக்கத்தில், முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்த எஸ்கில்.

"எப்படிப் போகுது, வெர்னர்?"

"போகுது. உனக்கு?"

"போகுது. காலைல சாக்ஸ் போட முக்கால் மணி நேரம் ஆச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

"முக்கால் மணியா? ஒரு சாக்ஸா, ரெண்டா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு நேத்துப் போட்டது, கழட்டல."

டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்தில் பேச்சு இவ்வளவுதான். அங்கே காற்றடித்தால் பசுக்கள் பறந்து பக்கத்துப் பண்ணையில் இறங்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து சேர்ந்ததைக் கறந்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் காத்து" என்பார். கூரை போய்விட்டால் வீட்டுக்குள் வெளிச்சம் நன்றாக வருகிறது என்பார்கள். காபி மேசையில் கடைசிக் கேக் துண்டை எவரும் எடுப்பதில்லை. ஒருவர் அதில் பாதி வெட்டிக்கொள்வார், அடுத்தவர் பாதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் எறும்புக்கே கொடுக்கக் கூசும் ஒரு பொடி தட்டில் கிடக்கும். அதையும் விட்டுவிட்டு எழுந்து போவார்கள். இப்பேர்ப்பட்ட ஜனங்களிடம் போய், உங்கள் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுங்கள் என்று கேட்டால் என்ன வரும்?

மூன்று வரும்.

வெர்னரும் ஆகஸ்ட் மாதச் சோதனையில் தன் வலிக்கு மூன்று என்றுதான் எழுதியிருந்தார். வயது அறுபத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் பராமரிப்பாளராக இருந்து, ஊரிலுள்ள அத்தனை பெஞ்சுகளையும் குறைந்தது நூறு தடவை தூக்கியவர். பாட்டு வகுப்புப் பியானோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றிய நால்வரில் அவரும் ஒருவர். மற்ற மூவரில் இரண்டு பேர் பியானோவைத் தொட்டுக்கொண்டு மட்டும் வந்தார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. பதினொரு வருடத்துக்கு முன்னால் இடுப்பில் வலி வந்து குடியேறியது. நிற்கலாம், நடக்கலாம், சாய்ந்தால் கூடப் பரவாயில்லை. கட்டிலில் நீட்டிப் படுத்தால் மட்டும், கதவிடுக்கில் விரலை வைத்து யாரோ பொறுமையாகக் கதவைச் சாத்துவது போல இருக்கும். ஆகவே ஒரு நாள் தலையணையோடு கீழே இறங்கி, கூடத்திலிருந்த சாய்வு நாற்காலியில் படுத்தார். "இந்த நாற்காலி வசதியா இருக்கு" என்றார். யூட்டெ "அப்படியா" என்றாள். பதினொரு வருடத்தில் அந்த விஷயமாக இருவரும் பேசியது மொத்தம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே உடற்பயிற்சித் தாள். நகலுக்கு நகல் எடுத்து அந்தத் தாளில் குனிகிற ஆளுக்குத் தலையே அழிந்து போயிருந்தது. தலையில்லாத ஆளைப் பார்த்து வெர்னர் பதினொரு வருடம் குனிந்தார், நிமிர்ந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் கோபன்ஹேகனிலிருந்து மலேனெ என்ற ஆராய்ச்சிக்கார டாக்டர் வந்தாள். இடுப்புவலி என்பது ஒரு நோயல்ல, பல நோய்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஒரே சட்டை என்பது அவள் கட்சி. ஒருவருக்கு எலும்பு நரம்பை நெரிக்கும். இன்னொருவருக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்தே தசை கட்டையாகிவிடும். மூன்றாமவருக்கு, தீ அணைந்த பிறகும் நிற்காமல் அடிக்கும் அபாய மணி போல உடம்பு கத்திக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் ஒரே வைத்தியம் என்பது ஊர் முழுக்க ஒரே அளவுச் செருப்புக் கொடுப்பது போல. முந்நூறு பேரைச் சோதித்து, வகை பிரித்து, அவரவர் வலிக்கு அவரவர் வைத்தியம் தருவது அவள் திட்டம். வெர்னரைக் குனிய வைத்தாள், ரத்தம் எடுத்தாள், இடுப்பில் தீப்பெட்டி அளவு கருவியை ஒட்டி ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினாள்.

பிறகு கடிதம் வந்தது. வலி நாலுக்குக் கீழே உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பதற்கில்லை. நன்றி.

வெர்னர், "சரி, போகட்டும்" என்றார். யூட்டெ கடிதத்தை மடித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். அவள் என்ன பேசினாளோ, மலேனெ இன்னொரு முறை வரச் சொல்லிவிட்டாள். வலியின் எண்ணை நோயாளிதான் சொல்ல வேண்டும், மனைவி வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இன்றும் மூன்று என்றால் கோப்பு மூடப்படும். அப்புறம் தலையில்லாத ஆள்தான் கதி.

"இந்தப் பக்கத்துலேர்ந்து நாப்பத்திரண்டு பேர் வந்தாங்க, வெர்னர்" என்றாள் மலேனெ, மூவரும் அறைக்குள் வந்ததும். "முப்பத்தொன்பது பேர் மூணுன்னு எழுதியிருக்காங்க."

"மிச்ச மூணு பேர்?"

"ரெண்டு பேர் ரெண்டரை. ஒருத்தர் எட்டு. விசாரிச்சா அவர் கோபன்ஹேகன்லேர்ந்து பொண்டாட்டி ஊருக்கு வந்து செட்டில் ஆனவராம்."

"பாவம்" என்றார் வெர்னர், அந்த ஆளின் மனைவி வீட்டாரை நினைத்து.

"உங்களுக்குப் பத்துன்னா என்ன?"

வெர்னர் யோசித்தார். "எங்க பெரியப்பா கதிரடிக்கிற மெஷின்ல காலை விட்டுட்டார். கால் தனியா, ஆள் தனியா. காலை எடுத்துக் கக்கத்துல வெச்சுகிட்டு நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தார்."

"வந்து என்ன சொன்னார்?"

"இன்னைக்குக் காபி கொஞ்சம் லேட்டாகும்னார்."

"அப்ப பத்து அவரோடது."

"பின்ன? அவரு பத்துல உக்காந்திருக்கும்போது நான் போய் அஞ்சு, ஆறுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

யூட்டெ பின்னல் ஊசியை உடைத்துவிடுவது போலப் பிடித்திருந்தாள். வாக்குக் கொடுத்திருந்ததால் பேசவில்லை. மலேனெ கணினியைத் திருப்பினாள். கருவி பதிந்த கோடுகள் திரையில் மலையும் பள்ளமுமாக ஓடின.

"இது ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கு. ராத்திரி பதினொன்னே முக்காலுக்குப் பதினாலு படி ஏறுறீங்க. நீட்டிப் படுக்கிறீங்க. ஆறு நிமிஷம், ஒரு நாள் எட்டு. அப்புறம் எந்திரிச்சுப் பதினாலு படி இறங்குறீங்க. மாடில என்ன இருக்கு?"

வெர்னர் தன் செருப்பைப் பார்த்தார். கதிரடிக்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்திருந்தால் அவரும் ஒரு காலை விட்டிருப்பார்.

"கட்டில்" என்றாள் யூட்டெ. வாக்கு அந்த இடத்தில் முறிந்தது. "மாடில எங்க கட்டில் இருக்கு."

"சும்மா, முடியுதான்னு பாத்தேன்" என்றார் வெர்னர்.

"எவ்வளவு நாளா?"

"அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

"நாற்காலிக்குப் போனதுலேர்ந்து."

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

அவர் கண் திரைக்குப் போனது. திரை சொன்னது.

"இவர் பக்கம் மெத்தை காலைல அமுங்கியிருக்கும்" என்றாள் யூட்டெ, மலேனெவிடம் புகார் செய்வது போல. "பூனைதான் படுக்குதுன்னு நெனச்சேன். எத்தனை திட்டு திட்டியிருக்கேன் அதை."

"பூனை செத்து நாலு வருஷம் ஆச்சு, யூட்டெ."

"அதான் எனக்கும் யோசனையா இருந்துச்சு."

மலேனெ இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் முழிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றாள் யூட்டெ.

"நீ குறட்டை விட்டப்புறம்தான் ஏறுவேன்."

"நான் குறட்டை விடுறதில்ல." நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "அதுக்காகத்தானே நீ கீழ போனதுலேர்ந்து ஒருக்களிச்சே படுக்கிறேன். குறட்டை நின்னா நீ மேல வந்துடுவேன்னு நெனச்சேன்."

வெர்னர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தாறு வருடம் சாப்பாட்டு மேசையில் எதிரே பார்த்த முகம். பதினொரு வருடமாக அவள் மாடியில் ஒரு தவறான நோய்க்குத் தனியாக வைத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவர் கீழே சரியான நோய்க்குத் தவறான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலி வசதியாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்ன வாயை இன்றைக்குப் பிடித்து நாலு வைக்கலாம் போல இருந்தது அவருக்கு.

மலேனெ காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். கோடு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. வெர்னர் பேனாவை எடுத்தார். மூன்றில் பேனா பழக்கதோஷத்தில் நின்றது. நாலு போதும், நாலு கிடைத்தால் உள்ளே இடம் உண்டு. நாலைத் தாண்டியது. ஐந்தில், கடைசிக் கேக் துண்டை மொத்தமாக எடுத்து வாயில் போட்டவன் போல முகம் சிவந்தது. ஆறில் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஏழில் ஒரு கீறல் போட்டார். காகிதம் கிழிந்து, மேசையிலும் அடையாளம் விழுந்தது.

"சில நாள்தான்" என்றார் அவசரமாக.

"உள்ள வந்துட்டீங்க" என்றாள் மலேனெ. "உங்க வலி எந்த வகைன்னு பாக்க ஆறு வாரம் ஆகும். சாஞ்சா நிக்குது, நீட்டினா வருதுங்கிறதே எனக்குப் பெரிய சமாச்சாரம். ஆனா கட்டில்ல படுக்க வெச்சுடுவேன்னு இப்ப சொல்ல மாட்டேன். பொய்யாகிடலாம்."

"அது பரவால்ல" என்று தொடங்கிய வெர்னர், யூட்டெயின் பார்வை பட்டதும் நிறுத்தினார். "பரவால்லன்னு சொல்ல முடியாது" என்று திருத்திக்கொண்டார்.

வெளியே அக்டோபர் மழை குறுக்கே பெய்தது. கார் எப்போதும் யூட்டெதான் ஓட்டுவாள். சாவியைப் போட்டவள் திருகவில்லை. குனிந்து அவருடைய இருக்கையின் அடியில் துழாவிச் சாய்க்கும் நெம்புகோலை இழுத்தாள். வெர்னர் ஒரே குலுக்கலில் பின்னால் போனார்.

"இந்தச் சாய்வுல வலிக்குதா?"

"இன்னும் ஒரு பல்லு கீழ. ஆ, இதுல இல்ல."

அவள் தன் இருக்கையையும் இழுத்தாள். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. தலையைத் திருப்பி அவர் தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரு பல் மேலே கொண்டுவந்தாள். பின்னல் பந்து மடியிலிருந்து உருண்டு எங்கோ போனது. தேடவில்லை. காரின் சாம்பல் கூரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை பிரேக்கின் மேல் அவள் கை இருந்தது. அதன் மேல் அவர் கை எப்போது வந்தது என்று இருவருக்குமே தெரியாது.

நிறுத்துமிடக் காவலர் ஒருவர் கலங்கிய உருவமாக வந்து, கண்ணாடிக்கு உள்ளே வைத்த, கார் நிறுத்திய நேரம் காட்டும் அட்டையைப் பார்க்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். இரண்டு தவணையாக நிமிர்ந்து அடுத்த காருக்குப் போனார்.

"யாரு?" என்றாள் யூட்டெ, திரும்பாமல்.

"யாருமில்ல. அசையாதே."

இருவருடைய மூச்சும் முன் கண்ணாடியில் கீழிருந்து படிந்து, ஆஸ்பத்திரியின் வாசலை மறைத்து, முதல் மாடியை மறைத்து, மெல்ல இரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.