ரயில் கேட்காத வீடு

புறநகரில் வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் தரகரிடம் முதலில் கேட்பது, "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" என்றுதான். லிஃப்ட் மெக்கானிக்கும் அதையேதான் கேட்டார். "கூப்பிடு தூரம் சார்!" என்று தரகர் பெருமையாகச் சொன்னதும், "அப்ப வேண்டாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படியே நாலைந்து வீடு. தரகருக்குத் தலை சுற்றியது.

"ரயில் சத்தமே காதுல விழக்கூடாது. அப்படி ஒரு இடம் சொல்லுங்க."

"இருக்கு சார், ஒருத்தரும் சீந்தாம கிடக்கு. ஆனா நீங்க வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும்."

பரவாயில்லை என்றார். நகரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். கல்லூரிக்குக் கிளம்பிய ஒரே மகள் ஒருநாள் அதைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ரயிலுக்கும் அவர் மனைவி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, சத்தம் அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிற அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும்.

இருந்ததையெல்லாம் போட்டு அந்த வீட்டை வாங்கினார். இங்கே அவள் சுவரைப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவோடு வாயாடினாள். நாள் முழுக்க ரேடியோவை அலறவிட்டாள். "கொஞ்சம் குறைச்சு வையேன், தெருவே கேக்குது" என்று அவர் கேலி செய்வார். உள்ளுக்குள் அத்தனை நிம்மதி. ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "காத்து நல்லா இருக்கு" என்று கூசாமல் புளுகினார்.

ஒரு மாலை, பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருமுனையில் ஒரே கும்மாளம். புது ரயில் பாதை வரப்போகிறதாம். தெருவுக்குப் பின்னாலேயே ஸ்டேஷனாம்.

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கு அடிச்சது யோகம் சார்! வீட்டு விலை எங்கயோ போயிடும்!"

மெக்கானிக் கையை விடுவித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். எதிர்வீட்டு அக்கா முந்திக்கொண்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வேற இடம் பாத்துடலாம்மா. நாளைக்கே தரகர்கிட்ட பேசறேன்."

"வேணாங்க." அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "இங்க வந்தப்புறமும் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. நீங்க படற பாட்டைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"தினமுமா?"

"தினமும்தான். இனிமே உங்களுக்கும் கேக்கும், அவ்வளவுதான்."

அவள் உள்ளே போனாள். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.