இரும்பன் கத்திய அத்தியாயம்

பதினோரு வருஷமாக வாரப் பத்திரிகையில் இரும்பன் என்ற கதாநாயகனை விற்றுவருகிறேன். துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? அண்ணன் கடையில் உட்கார்ந்து துணி விற்றார். நான் தொடர்கதையில் மன உறுதியை விற்றேன். சாயம் போகும் என்றால் அவராவது முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

தோளில் பாய்ந்த குண்டை, பெல்ட்டைக் கடித்துக்கொண்டு தானே தோண்டி எடுத்தவன் இரும்பன். மயக்க மருந்தைத் தட்டிவிட்டவன். அந்தக் காட்சியை எழுதியபோது எனக்குப் பல்வலி. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

இப்போது அண்ணன் ஆஸ்பத்திரியில். புற்று எலும்புவரை போய்விட்டது. குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். அண்ணனோ ஊசியைக் கிட்டவே விடவில்லை. தலையணை உறையைக் கடித்தே கிழித்திருந்தார்.

அண்ணி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "மூணு நாளா தூங்கலை, தம்பி. கேட்டா, 'இரும்பன் போட்டுக்கிட்டானா'ங்கறார். உங்க சரக்குதானே? நீங்களே திருப்பி எடுத்துக்குங்க."

மறுநாள் காலை புது அத்தியாயத்தோடு போய்ப் படித்துக் காட்டினேன். அதில் இரும்பன் வலி தாங்காமல் கத்துகிறான். ஊசி போடச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இது அச்சுக்குப் போகுதா?"

"அடுத்த வாரம், அண்ணே."

"புளுகாத. எனக்காக அவசரத்துல தைச்சது. ஓரம்கூட மடிக்கலை."

"இரும்பனே புளுகுதான், அண்ணே. ஊசின்னா நான் ஓடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. நம்ம வீட்ல அவனாவது ஓடாம இருக்கட்டும்னுதான் படிச்சேன்."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை, வலி வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துத் தன் கைமேலும் என் கைமேலும் போட்டார்.

எங்கள் வியாபாரத்தில் கடைசி விலையை வாயால் சொல்வதில்லை. துணிக்கு அடியில் விரலைப் பிடிப்போம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அண்ணன் என் ஒரு விரலைப் பிடித்தார். ஓர் ஊசி. நான் ஐந்தையும் விரித்துக் கொடுத்தேன்: வேண்டும்போதெல்லாம். வெகுநேரம் கழித்து மொத்தக் கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அவன் கத்தக் கூடாது," என்றார். "அதைக் கிழிச்சிடு."

கிழித்தேன். நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார். அந்த வாரம் இரும்பன் எரியும் கப்பலிலிருந்து சிரித்துக்கொண்டே குதித்தான்.

பிறகு ஒரு வாசகர் கடிதம் வந்தது. படுக்கையில் கிடப்பவர். "வலிக்கு மருந்தே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இரும்பன்தான் துணை."

அண்ணனிடம் கொடுத்த வாக்கை நான் மீற முடியாது. ஆனால் இரும்பன் கத்தக் கூடாது என்றுதான் பேச்சு. அண்ணனைப் பற்றிப் பேச்சே இல்லை. தாளை எடுத்துப் பதில் எழுதினேன்:

"ஐயா, எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவருக்கு வலித்தது."