குடைக்குக் கீழே கிடந்தவள்

"வேண்டாம் சித்தி. அவ நிம்மதியாப் படுத்திருக்கா. எழுப்பாதீங்க."

யூதாவ் மலைச்சரிவில் ஏறும்போதே இதைச் சொன்னாள். கல்லறைமேல் மண்டியிருந்த புல்லை அறுக்கும்போது சொன்னாள். ஊதுவத்தி கொளுத்தும்போதும் சொன்னாள். சாய் அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"புதைச்சவளை இத்தனை வருஷம் ஆகியும் எலும்பெடுக்காம மண்ணுலயே விட்டா ஊர் என்னடி சொல்லும்? எலும்பைத் துடைச்சு ஜாடியில உக்கார வெச்சு, அவ அப்பா பக்கத்துல சேர்த்துட்டா எனக்கு வேலை முடிஞ்சுது. கனவுல வந்து குளிருதுங்கறா."

"என் கனவுல வரலையே."

"உன்கிட்ட எதுக்கு வரணும்? அவ போனதுலேர்ந்து நீதான் ரெண்டு சுத்து பெருத்துட்டியே!"

கேலிதான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே அப்படித்தான். பீஜூ, சாய் அக்காவின் ஒரே மகள். யூதாவ் அவளுடைய தோழி. மீன் டப்பா ஆலையில் இருவருக்கும் ஒரே மேசை. புயல் வெள்ளத்தில் பீஜூ போன பிறகு யூதாவ் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, அந்த வீட்டு மகளாகவே ஆகிவிட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. எலும்பெடுக்கும்போது கூட நிற்க ஆள் வேண்டும், அக்காவுக்கு வேறு யாரும் இல்லை என்பதால் போனேன்.

எலும்பெடுக்க வந்தவர் குவோ. வாய் நிறைய வெற்றிலை. மண்ணைத் தோண்டி, சவப்பெட்டிப் பலகையை நீக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கியவர் கறுப்புக் குடையை யூதாவிடம் நீட்டினார்.

"நேராப் பிடிம்மா. எலும்புமேல வெயில் படக்கூடாது. கறுத்துப்போயிட்டேன்னு உன் சிநேகிதி உன்னைத்தான் திட்டுவா."

யாரும் சிரிக்கவில்லை. யூதாவ் குழிக்குள் பார்க்காமலே குடையைப் பிடித்தாள். துக்கம் என்று நினைத்தேன்.

பாத எலும்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாயில் வைத்தார் குவோ. "நல்லா உலர்ந்திருக்கு அக்கா. புண்ணியம் பண்ணவ," என்றார். அக்கா ஒவ்வொரு எலும்பையும் தொட்டுத் தொட்டு, "வந்துட்டியா, வந்துட்டியா," என்றாள். கடைசியில் தலை. மண்ணைத் தட்டித் தூரிகையால் வருடிய குவோ விசிலடித்தார்.

"பெரிய இடத்துப் பொண்ணுதான் போல! பின்னாடி மூணு தங்கப் பல்லு!"

"என்ன பல்லு?"

"தங்கம். இந்தாங்க, நீங்களே பாருங்க."

அக்கா பார்த்தாள். "என் பொண்ணுக்கா? முழுக் கரும்பையும் பல்லாலேயே உரிப்பா அவ. பல் டாக்டர் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல. தங்கம் வெக்க எங்ககிட்ட ஏது?"

"நான் என்ன பண்ணட்டும் அக்கா? பல்லு தாடையில இருக்கு. யாரும் புதைச்ச பிறகு வந்து வெச்சுட்டுப் போகல."

பிறகு நான் எதிர்பார்க்காதது நடந்தது. அக்கா சிரித்தாள். வாய் கோணி, கண்ணில் நீர் வழிய, அப்படியொரு சிரிப்பு.

"இது பீஜூ இல்ல! ஐயோ, இது என் பொண்ணே இல்ல! அப்போ அவ உசிரோட இருக்கா!"

"அக்கா, மெதுவா..."

"என்னடி மெதுவா? எங்கயோ கரையேறியிருப்பா. தலையில அடிபட்டிருக்கும், ஊர் பேர் மறந்திருக்கும். புள்ள குட்டிகூட இருக்கும்! அடி யூதாவ், சட்டையைப் பார்த்து நீதானே அடையாளம் சொன்னே? மண்டு, ஏமாந்துட்டே! போகுது போ, நான் ஒண்ணும் சொல்லல. போலீஸுக்குப் போவோம். பஸ் எப்போ?"

எழுந்து சரிவில் இறங்கவே தொடங்கிவிட்டாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

குடை கீழே விழுந்தது.

"வெயில்! வெயில்!" என்று குவோ கத்தினார்.

"சித்தி, நில்லுங்க. நான் ஏமாறல."

"என்ன?"

"இது அவ இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அக்கா திரும்பினாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக வடியவில்லை.

"அப்போ அவ எங்கன்னும் உனக்குத் தெரியும்?"

"ஆத்துல."

"நீ எப்படிடி கண்டே? பஸ் நிறுத்தத்திலேயே பிரிஞ்சுட்டோம்னு நீதானே சொன்னே?"

"பிரியல. பாலம் மூழ்கியிருந்துச்சு. திரும்பிடலாம்னு அவ சொன்னா. நான்தான் இழுத்துட்டுப் போனேன். அக்கரையில எனக்காக ஒருத்தன் நின்னுட்டிருந்தான். பாதி பாலத்துல ஒரு மரம் அடிச்சுட்டு வந்துச்சு. அவ விழுந்துட்டா. கையைப் பிடிச்சிருந்தேன்."

"வழுக்கிடுச்சா?"

யூதாவ் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சொல்லுடி, வழுக்கிடுச்சுதானே? தண்ணில யாருக்கும் வழுக்கும்."

"வழுக்கல சித்தி. என்னையும் இழுத்துச்சு. விட்டுட்டேன். தலை முங்கினதைப் பார்த்தேன். அப்புறம் வெளிய வரல."

குவோ வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப மறந்து விழுங்கினார்.

"நீங்க கரையில உக்காந்து அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. சோறு இல்ல, தண்ணி இல்ல. உடம்பு கிடைக்காம எழுந்திருக்க மாட்டேன்னீங்க. நீங்களும் செத்துடுவீங்கன்னு பயந்தேன். அப்பதான் இவளைத் தூக்கிட்டு வந்தாங்க. முகமே இல்ல. அந்தச் சட்டை நான் தெச்சுக் கொடுத்ததுன்னு சொன்னேன்."

அக்கா சரிவில் அப்படியே உட்கார்ந்தாள். சற்று முன் உயிர்பெற்ற மகள் அவள் கண்ணெதிரிலேயே இரண்டாம் முறை செத்ததை நான் பார்த்தேன். முதல் சாவுக்கு அழுதவள் இதற்கு அழவில்லை.

"எந்தக் கை?"

யூதாவ் வலது கையை நீட்டினாள்.

"அதாலதானே எனக்குக் கஞ்சி கொடுத்தே?"

"ஆமா."

அக்கா அந்தக் கையைத் தொடவில்லை. தட்டியும் விடவில்லை. எழுந்து வந்து குடையை எடுத்து, யாரென்று தெரியாத அந்த எலும்புகளுக்கு மேலே தானே பிடித்தாள்.

"ஜாடியில என்ன பேரு எழுதறது அக்கா?" குவோ மெல்லக் கேட்டார்.

"எழுதாதே." பிறகு, திரும்பாமலே, "யூதாவ்."

"சித்தி?"

"மூணு தங்கப் பல்லு. ஆசையா வளர்த்த பொண்ணு. ஆத்தோரமா, வெள்ளம் வந்த திசையில மேல போ. ஒவ்வொரு ஊரா நின்னு கேளு. இவளோட அம்மா இன்னும் கரையில உக்காந்து கூப்பிட்டுக்கிட்டிருப்பா. உன் பொண்ணை நான்தான் வேற பேர்ல புதைச்சேன்னு அவகிட்ட சொல்லு."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

"அதுக்கப்புறம் வீட்டுக்கு வரலாமா?"

அக்கா குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"பாதத்துலேர்ந்து வையி, குவோ," என்றாள். "மெதுவா. அவசரப்படுத்தாதே அந்தப் பொண்ணை."