இவான் வீட்டு பிளக்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அடுப்புப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் அதை இழுத்துச் சாத்திவிடுங்கள். மலினாவின் காரைப் பசியோடு மலை ஏற வைத்த ஒரு பண்டிகை நாளின் கதையைச் சொல்கிறேன். பொய் கலக்கமாட்டேன், கலந்தாலும் கையில் ஒட்டிய உப்பு அளவுதான்.

மலினா என் பக்கத்து வீட்டுக்காரி. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற அடுத்த வசந்தத்தில் வெளிர் பச்சையில் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினாள். சமையலறை ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டு அதற்குச் சார்ஜ் போடுவாள். ஜன்னலின் இடுக்கில் காற்று புகாமல் ஒரு பழைய கம்பளிக் காலுறையைத் திணித்திருப்பாள். தூங்கப் போகுமுன் காரை மாட்டிவிடுவது, காலையில் எழுந்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, பிறகுதான் காபி என்று அவளுடைய நாள் மாறிப்போனது.

சத்தமே வராத வண்டி. கோழிகள் வழிவிடாது, நாய்களுக்குக் குரைக்கத் தோன்றாது. ஒருநாள் எங்கள் ஊர் மெக்கானிக் தோப்ரி நடுத்தெருவில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மலினா அவன் முதுகுக்குப் பின்னால் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் தலையை வெளியே நீட்டினாள்.

"தோப்ரி, நகர்றியா, இல்ல உனக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போடவா?"

அவன் துள்ளிக் குதித்ததில் சிகரெட் சேற்றில் விழுந்தது. "வாஷிங் மெஷின்ல வந்து மனுஷனைக் கொல்லப் பாக்குறியே!"

"வாஷிங் மெஷின்தான். உன் வாயில இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெலிகாவின் பிரச்சினை வந்தது. வெலிகா மலினாவின் சிறுவயதுத் தோழி. சிறுநீரகம் கைவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ கணவாய்க்கு அந்தப் பக்கம், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கீழே நகரத்தில். நோயாளிகளை ஏற்றிப் போன வேன் நின்றுவிட்டது. அவள் மகன் பிளாமென் தூரத்துப் பெருநகரமான ப்லோவ்திவில் இருக்கிறான், நல்ல பையன். அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான்.

"அவன் வீடு ஏழாவது மாடிடி," என்று வெலிகா மலினாவிடம் அழுதாள். "கீழ பாத்தா தலை சுத்துது, மேல பாத்தா ஒண்ணுமே இல்ல. அங்க போனா ரெண்டே மாசம்தான் நான்."

"நீ எங்கயும் போகல. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மலினா.

செப்டம்பரிலிருந்து அப்படித்தான் நடந்தது. காலை எட்டு மணிக்கு வெலிகா உள்ளே போய்ப் படுப்பாள். கார் வெளியே ஆஸ்பத்திரி சார்ஜரில் நிற்கும். அவளுக்கும் நாலு மணி நேரம், காருக்கும் நாலு மணி நேரம். மலினா காருக்குள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். நர்ஸ் வந்து கேட்பாள், "உங்க நோயாளி ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?" என்று.

புத்தாண்டுக்கு பிளாமென் ஊருக்கு வந்தான். அதற்குள் முழங்கால் அளவு பனி விழுந்திருந்தது.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க," என்றான் மலினாவிடம். "வெயில் காலத்துல ஓடுச்சு, சரி. இந்தக் குளிர்ல மலை நடுவுல நின்னுட்டா அம்மாவோட கதி? ஏழாம் தேதி நானும் கூட வர்றேன். ஒழுங்கா போய்ட்டு வந்துட்டா நான் வாயே திறக்கல. நின்னுடுச்சுன்னா அன்னிக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"வா தம்பி, வா. பின்சீட்ல உக்காந்து வேடிக்கை பாரு," என்றாள் மலினா. ஏழாம் தேதி காலை வீட்டைப் பூட்டும்போது வெலிகா சாவியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. முழுச் சார்ஜோடு கிளம்பி, ஹீட்டரை முழுக்க ஓடவிட்டும் நாற்பத்தைந்து சதவீதம் மிச்சம் வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். வெலிகாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தால், சார்ஜரைக் காணோம். பனி தள்ளும் வண்டிக்காரன் வளாகத்துப் பனியை எல்லாம் அள்ளி அதன் மேலேயே குவித்துவிட்டுப் போயிருந்தான். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் குன்று. ராத்திரி உறைந்து கல்லாகியிருந்தது.

"திரும்பிப் போக எவ்வளவு வேணும் அத்தை?"

"கணவாய் உச்சி வரைக்கும் ஏத்தம். அறுபத்தஞ்சு இருந்தா சௌகரியம்."

நகரத்தில் இருந்த இன்னொரு சார்ஜரில் பனிச்சறுக்குக்கு வந்தவர்களின் ஆறு கார்கள் வரிசையில் நின்றன. மதியம் மூன்று மணிக்குக் கணவாயை மூடப்போவதாக வானொலியில் சொல்லிவிட்டார்கள். பிளாமென் பெருமூச்சு விட்டான். ஜெயித்தவனின் பெருமூச்சு இல்லை அது, அவனுக்கும் வருத்தம்தான்.

மலினா மட்டும் கையுறையைத் தட்டிக்கொண்டு கேட்டாள். "இன்னிக்கு என்ன நாள்?"

"ஏழாம் தேதி."

"மக்கு! இவான் திருநாள்டா இன்னிக்கு. வா."

உங்களுக்குத் தெரியாததா? ஒரு புனிதரின் திருநாளன்று அவர் பெயரை வைத்திருப்பவன் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். யாரையும் அழைக்க மாட்டார்கள். வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கவும் மாட்டார்கள். இவான் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், ஒரு வாசலில் பதினோரு ஜோடி ஷூவும் பூட்ஸும் குவிந்து கிடந்தன. உள்ளே அக்கார்டியன் சத்தம். மலினா டிக்கியிலிருந்து ஒரு பாட்டில் பிளம் ஜாமை எடுத்துக்கொண்டு, தன் பூட்ஸையும் அந்தக் குவியலில் சேர்த்துவிட்டு உள்ளே போனாள்.

"இவான், நூறு வயசு இருக்கணும் நீ!"

"வாங்கக்கா, வாங்க!" உருண்டை முகமும் வியர்த்த வழுக்கையுமாக ஒரு மனிதர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "தம்பி, நீயும் வா. ஸ்தோய்னா, ரெண்டு தட்டு!"

இறைச்சி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலையை மூன்று வாய் சாப்பிட்ட பிறகே மலினா பேச்சை எடுத்தாள். அதற்கு முன்னால் கேட்பது மரியாதை இல்லை. "இவான், என் வண்டியும் பசியோட வாசல்ல நிக்குது. உன் வீட்டு பிளக்ல கொஞ்சம் ஊட்டலாமா?"

"அதுக்கென்ன! எந்த ரக்கியா குடிக்கும், பிளமா, திராட்சையா?"

"கரண்ட் மட்டும்தான். குடிப்பழக்கம் இல்லாத பொண்ணு அது."

வீடே சிரித்தது. தாழ்வாரத்து பிளக்கில் வயரை மாட்டினார்கள். காருக்குள் விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. நாலு மணி நேரம் ஓடினால் எழுபத்தைந்தைத் தாண்டிவிடும் என்று மலினா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். அவள் ஓட்ட வேண்டும் என்பதால் மோர்தான் குடித்தாள். அவள் பங்கு ரக்கியாவையும் பிளாமென் தலையில் கட்டினார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு ஒருமுறை விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. அக்கார்டியன்காரர் பாட்டை நிறுத்தவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் இவானின் மனைவி ஸ்தோய்னா ஆவி பறக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து மலினாவின் முன்னால் வைத்தாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா. "மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கீங்க, உங்களுக்குன்னு தனியா போட்டது," என்றாள்.

பன்னிரண்டு மணி அடிக்கக் கால் மணி இருக்கும்போது மலினா வெளியே வந்து பார்த்தாள். ஐம்பத்து மூன்று. வயரைத் தடவிக்கொண்டே போனாள். அதன் நுனி பூந்தொட்டி பக்கத்தில் சும்மா கிடந்தது.

ஸ்தோய்னா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! கரண்ட் அடுப்பையும் உங்க வண்டியையும் சேத்து எங்க வீட்டு ஃபியூஸ் தாங்கல. ஒருதரம் போயே போச்சு. உங்களுக்குப் பனித்சா போடாம எப்படி அனுப்புறது? அதான் வயரை உருவிட்டேன். வெந்ததும் திரும்ப மாட்டலாம்னு பாத்தா, அடுத்தடுத்து ஆளுங்க வந்துட்டாங்க, அடுத்தடுத்துத் தட்டு போச்சு..."

"சொல்லியிருக்கலாமேடி!"

"விருந்தாளிகிட்ட போய் 'பலகாரமா, கரண்டா'ன்னு கேக்க வாய் வருமா?"

மலினா படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "என்னைக் கொழுக்க வெச்சுட்டு என் பொண்ணைப் பட்டினி போட்டுட்டியே!"

பிளாமென் சிரிக்கவில்லை. போனை வெளியே எடுத்துவிட்டான். "போதும் அத்தை. அம்மாவுக்கு டாக்ஸி சொல்றேன். நீங்க இங்கயே யார்கிட்டயாவது சார்ஜ் போட்டுக்கிட்டு நாளைக்கு வாங்க."

டாக்ஸி வந்தால் அதற்குப் பிறகு என்ன என்று இருவருக்குமே தெரியும். மலினா எழுந்து பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"அறுபத்தஞ்சு சௌகரியத்துக்குச் சொன்ன கணக்கு. ஹீட்டரை அணைச்சுட்டு மெதுவா ஏறினா ஐம்பதுல போயிடுவேன். மிச்சம் மூணு இருக்கு. உங்கம்மா என்ன சொல்றான்னு கேளு, அப்புறம் டாக்ஸி சொல்லு."

ஸ்தோய்னா வீட்டிலிருந்த ஆட்டுரோமக் கம்பளிகள் இரண்டையும் கொண்டுவந்து காரில் திணித்தாள், வெந்நீர்ப் பையோடு. ஆஸ்பத்திரி வாசலில் வெலிகா வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டாள். மகனைப் பார்த்தாள்.

"டாக்ஸில போனா நான் நோயாளி. இவ வண்டியில போர்த்திக்கிட்டு உக்காந்தா நான் ராணி. கதவைத் திற."

கிளம்பினார்கள். ஹீட்டர் இல்லை, வெலிகாவின் சீட்டுக்கு மட்டும் சூடு வைத்திருந்தாள் மலினா, அதற்குச் செலவு குறைவு. கண்ணாடியில் ஆவி படிந்தது. "தம்பி, உன் மப்ளரால தொடைச்சுக்கிட்டே வா, சும்மா உக்காந்தா குளிரும்," என்று அவனுக்கு வேலை கொடுத்தாள். பின்னால் ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. மலினா ஒதுங்கி, ராணி மாதிரி கையசைத்து அதை முன்னே அனுப்பினாள்.

"உங்களுக்குப் பயமே இல்லையா அத்தை?" என்றான் பிளாமென்.

"நாப்பது பிள்ளைங்க, அதுல பாதி வாந்தி எடுக்குற பிள்ளைங்க. அதுகளை ஏத்திக்கிட்டு இதே ரோட்டுல முப்பது வருஷம். இந்த ரெண்டு பேருக்கா பயம்?"

நாற்பது. இருபத்தெட்டு. பதினேழு. பைன் மரங்கள் மெல்ல மெல்லக் கீழே நழுவின. ஒன்பதில் வெலிகா கம்பளிக்குள்ளிருந்து மலினாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது நாலு. அதுதான் இருப்பதிலேயே செங்குத்தான இடம். காரின் திரையில் ஒரு சின்ன ஆமைப் படம் வந்து உட்கார்ந்தது. அது வந்தால் வண்டியின் வேகம் தானாகக் குறையும்.

"நிறுத்துங்க அத்தை," என்றான் பிளாமென்.

மலினா கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்தாள். ஓரமாக நிறுத்தினாள்.

அவன் கதவைத் திறந்து பனியில் இறங்கினான். நகரத்து ஷூ, கணுக்கால்வரை புதைந்தது. "நான் தொண்ணூத்தெட்டுக் கிலோ. இன்னிக்கு இவான் வீட்ல சாப்பிட்டதைச் சேத்தா நூத்தி ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. நான் நடந்து வர்றேன்."

"டேய், சளி பிடிக்கும்டா!" என்றாள் வெலிகா.

"போங்கம்மா. ஆமை தூங்கிடப் போகுது."

பச்சைக் கார் ஊர்ந்து ஊர்ந்து வளைவுகளில் மறைந்தது. உச்சியைத் தொட்டபோது இரண்டு மிச்சமிருந்தது. அங்கிருந்து எங்கள் ஊர்வரை பன்னிரண்டு கிலோமீட்டரும் இறக்கம். இறங்க இறங்கக் கார் தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அவன் இறங்காவிட்டாலும் கார் உச்சிக்கு ஏறியிருக்கும் என்று மலினா பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றாள். நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இருபது நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். அவன் மூச்சு வாங்க, மூக்கு தக்காளியாகச் சிவந்து வந்து சேர்ந்தான். பின்சீட்டில் விழுந்து, ஈர ஷூவைக் கழற்றி, அம்மாவின் கம்பளி நுனிக்குள் காலை நுழைத்துக்கொண்டான்.

"கிளம்பலாமா?" என்று கேட்டாள் வெலிகா. "எங்கடா போறோம்?"

"எங்கயா? நம்ம வீட்டுக்குத்தான். அடுப்பு அணைஞ்சிருக்கும், நான் மூட்டுறேன். வியாழக்கிழமை மறுபடி போகணும்ல உனக்கு?" மலினாவின் பக்கம் திரும்பினான். "அத்தை, அந்த ஆஸ்பத்திரிக்காரன் நம்பர் குடுங்க. அந்தப் பனியை எவன் அள்ளுறான்னு நான் பாத்துக்கறேன்."

மலினா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் சத்தமில்லாமல் ஊரை நோக்கி இறங்கத் தொடங்கியது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் வெளியே போனவர்கள் எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வரட்டும். உங்கள் நோயாளிகள் தங்களுக்குப் பிடித்த கட்டிலிலேயே கண்விழிக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சரியான நேரத்தில் வண்டியை விட்டு இறங்கத் தெரியட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.