திராட்சைப் பாட்டின் நான்காம் சரணம்

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகக் கேட்கப்பட்டது. கேட்டவர் பொன்னுராஜ். தேனி பஜாரில் மொத்த மளிகைக் கடைக்காரர், தேவாலய சபையின் செயலாளர்.

"நீங்க கதை எழுதுறவுக. நம்ம திராட்சைப் பாட்டு பொறந்த கதைய நல்லா சோடிச்சு ரெண்டு பக்கம் குடுங்க. போதகர் ஐயா எழுதுன பாட்டு. நாப்பது வருசமா ஊர் ஊரா பாடுறாக."

சோடிக்க உட்கார்ந்தேன்.

'மலையிலிருந்து மேகம் இறங்கிய மாலையில், போதகர் திராட்சைப் பந்தலுக்கடியில் முழங்காற்படியிட்டபோது, அவர் உள்ளத்தில்'

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். முடிக்க மாட்டேன்.)

2

முடிக்க விடாதவர் ஞானபாக்கியம். ஓடைப்பட்டியில் குத்தகைப் பந்தல் பார்க்கிறவர், எழுபதைத் தாண்டியவர். பந்தல் எப்படி இருக்கும் என்று பார்த்துவரத்தான் போனேன். பாட்டைப் பற்றிச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஐயா எழுதுனாகளா? தம்பி, அது நான் கோயில் வாசல்ல நின்னு போட்ட சண்டை."

(எனக்குச் சந்தேகம் வந்தது. கதைக்குத் தோதாக இப்படி ஒருவர் வந்து அகப்படுவாரா? நானே கற்பனை செய்தேனோ? ஆமாம், கற்பனைதான். பொன்னுராஜும் கற்பனை, பாட்டும் கற்பனை. கோபம் மட்டும் சொந்தச் சரக்கு.)

3

அறுப்பின் பண்டிகையன்று விளைச்சலின் முதல் பலனைக் கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள்.

பாட்டு பிறந்த வருடம், பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழுத்த திராட்சையில் மழை பட்டால் தோல் வெடித்துவிடும். ஞானபாக்கியம் குத்தகை எடுத்த முதல் வருடம் வேறு. இருந்ததில் நல்ல குலையாகப் பார்த்து ஒரு கூடை சுமந்துவந்தார். வாசலில் காணிக்கை வாங்கியவர்கள் கூடையைக் கிளறிப் பார்த்தார்கள். பழுதுள்ளதைப் பீடத்தில் வைக்கக் கூடாதாம். போதகரும் தலையாட்டினார்.

ஞானபாக்கியம் கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பந்தலடியில் பெண்கள் பாடும் மெட்டை எடுத்து, சொந்தச் சொல் போட்டு, கர்த்தரிடமே முறையிட்டார். நான்கு சரணம். முதல் மூன்றில், கொடியும் உமது, காயும் உமது, குறையும் உமது என்று கணக்கைக் கர்த்தர் தலையிலேயே கட்டினார். நான்காவதில் கேள்வி கேட்டார்:

*பெய்தது உம் மழை, வெடித்தது உம் கனி,*
*வாசலில் தடுக்கிறார், வந்து கேளும், சாமி.*

போதகர் மூன்று சரணத்தை வைத்துக்கொண்டு நான்காவதை வெட்டினார். பாட்டு அச்சேறியது, கீழே அவர் பெயரோடு.

எனக்கு வயிறு எரிவது இதற்காக மட்டுமல்ல. இன்றைக்கும் கூடைகள் பீடத்துக்குப் போகும்போது பாடுவது அந்தப் பாட்டைத்தான். இன்றைக்கும் வாசலில் பழுதைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். பாடிக்கொண்டே தள்ளுகிறார்கள்.

4

பொன்னுராஜிடம் கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்ங்க. அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன். அதுக்காகச் சண்டைய மலர்ல போட முடியுமா? வேணும்னா 'உதவிய சகோதரி'ன்னு ஒரு வரி சேத்துக்கங்க."

உதவிய சகோதரியாம். பெற்றவளை மருத்துவச்சி என்று சொல்வது போல இருக்கிறது. நாற்பது வருடம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர், எனக்கு வரி சொல்லித் தருகிறார்.

5

முடிவு, முதல் வகை: மேடையில் ஞானபாக்கியத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "துண்டு எதுக்கு எனக்கு? பேரு கண்டிப்பாப் போடணும். அதுக்கு முன்னாடி அந்தச் சரணத்தைப் பாடணும். ஒரு தடவையாச்சும் கோயிலுக்குள்ள கேட்டுட்டுத்தான் நான் சாவேன்."

முடிவு, இரண்டாம் வகை: அவர் பாடுகிறார், சபையே கண்ணீர்

(அடித்துவிட்டேன். அழுதுவிட்டு ஏலத்துக்குப் போய்விடுவார்கள்.)

6

மலரில் இதைப் போடவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

பண்டிகை ஞாயிறு. ஞானபாக்கியம் கடைசி வரிசையில் நிற்கிறார். மூன்றாம் சரணம் முடிகிறது. கீபோர்டிலிருந்து கை எடுக்கிறார்கள், எல்லோரும் உட்காருகிறார்கள். அவர் மட்டும் நின்றபடியே தொண்டையைச் செருமுகிறார். வயதான குரல், தனியாக எடுத்தால் முதல் அடியைத் தாண்டாது. முன்வரிசையிலிருந்து பொன்னுராஜ் திரும்பி, உட்காரும்படி கையைக் காட்டுகிறார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பக்கத்து இடத்தில் இருப்பது நீங்கள். சொற்கள் உங்களுக்குத் தெரியும்.