கடைசிக்கு முந்தின வாரம்

1

டணார்!

சிம்மக்கல் குழாயடியில் முனியாயியின் பித்தளைக் குடம் உருண்டது. தவறி விழவில்லை, அவள்தான் போட்டாள். குடத்தை வைத்துக்கொண்டு கையை ஆட்டிப் பேச முடியாதல்லவா?

"வெளக்குமாத்தால அடிச்சு வெரட்டுனா! புருசங்காரன் இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கான். கமலவேணி சும்மா இருப்பாளா? ரெங்கம்மாக்கா சொல்ல, ஏங் காதால கேட்டேன்."

"இல்லவே இல்ல" என்றாள் பிலோமினாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் குரல் உயர்ந்து அந்தத் தெரு கேட்டதில்லை, அன்று கேட்டது. "அவரு ஒருத்தராத்தான் வந்தாரு. விடியக்காலம் வந்து கதவத் தட்டுனாரு. எனக்கும் ரெங்கம்மாக்காதான் சொன்னாங்க."

"ஏத்தா, ரெண்டு பேரும் ஒரே பொஸ்தகந்தான படிச்சீக?" என்றது வரிசையில் பின்னால் நின்ற ஒரு குரல்.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். நான் அப்போது எதிர் மாடியில், சினேகிதர் வீட்டில் தங்கிச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது. ஏனென்றால், கமலவேணியை வாராவாரம் எழுதியவன் நான். அவள் கையில் நான் விளக்குமாறு எதையும் கொடுத்ததாக நினைவில்லை.

(இதற்கு முன் வேறொரு தொடக்கம் எழுதினேன்: "வைகையில் தண்ணீரில்லாத அந்த மாசி மாதத்தில்—" மதுரைக் கதை எல்லாமே ஆற்றில்தான் இறங்குகிறது என்று கிழித்துப் போட்டேன். குடம் இருக்கட்டும்.)

2

ரெங்கம்மாள் சாந்தமே உருவான—

சாந்தமெல்லாம் இல்லை. மறுபடியும் தொடங்குகிறேன்.

ரெங்கம்மாள் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். வாக்கப்பட்டது சிம்மக்கல்லில் புளி, மிளகாய் மொத்தக் கடை வைத்திருந்த சின்னச்சாமிக்கு. வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டினால் புத்தகம். அந்த வட்டாரத்துப் பெண்கள் படித்ததெல்லாம் அவள் தைத்ததைத்தான்.

கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுக்கமாட்டாள். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"இது துப்பறியுற கதை. அடுப்புல கொழம்பு கொதிக்கயில எடுக்காத, அடிப்பிடிச்சுப் போகும்."

"இதுல மாமியாக்காரி நல்லவ. நம்ப முடியாதுதான். இருந்தாலும் படி."

"இது வேணாம்டி ஒனக்கு. நீ இப்பத்தான் காச்ச கண்டு எந்திரிச்சிருக்க. இதுல அம்புட்டுப் பேரும் சாகுறாக."

திருப்பித் தரும்போது அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். வெறுமனே "நல்லாருந்துச்சுக்கா" என்றவர்களுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. என்ன நல்லாயிருந்தது, எங்கே தூக்கம் வந்தது, யாரை அறையலாம்போல இருந்தது என்று சொல்லவேண்டும். சென்னையில் என் கதைகளுக்கு மதிப்புரை எழுதியவர்கள் யாரும் இவ்வளவு சிரமப்பட்டதில்லை.

இனிச் சின்னச்சாமி. இந்த மனிதரைக் கதைக்குள் விடலாமா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். வந்தால் புளி மணம் வருகிறது, கனவு கலைகிறது. ஆனால் அவர் இல்லாமல் கதையே இல்லை. 'கமலவேணி அல்லது திறந்த கதவு' தொடரில் கடைசிக்கு முந்தின வாரத்தை, மனைவி கண்ணில் படுவதற்கு முன்பே, மிளகாய் வற்றல் மடித்துக் கொடுத்துவிட்டவர் அவர்தான்.

"பொட்டணம் மடிக்கக் காயிதம் வேணுமா வேணாமா? சண்டைக் காலத்துல காயிதத்துக்கு எங்க போவேன்?"

"அதுக்குக் கமலவேணிதான் கெடச்சாளா ஒங்களுக்கு?"

வாங்கிப்போனவர் ஒத்தக்கடைப் பக்கத்துச் சம்சாரி. அந்த வாரம் அவர் வீட்டு அடுப்பில் எரிந்திருக்கும்.*

* உலகச் சண்டையை நானும் குறை சொல்லவேண்டியிருக்கிறது. காகிதப் பஞ்சம் என்று பத்திரிகாசிரியர் கடைசி வாரத்தை அரைப் பக்கத்தில் முடிக்கச் சொன்னார். முடித்தேன். "கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கமலவேணி ரயிலேறினாள். அவள் முகத்தில் புன்னகை இருந்தது." அவ்வளவுதான். கப்பலேறிப் போன கணவன் வந்தானா, வரவில்லையா, அவள் ஏன் சிரித்தாள்? எல்லாம் முந்தின வாரத்தில் இருந்தது.

ரெங்கம்மாள் அந்த வாரத்தைப் படித்ததே இல்லை. ஆனால் பல்லுப் போன புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது? கொடுக்கும்போதே, "நடுவுல ஒரு வாரம் இல்ல, நான் சொல்றேன் கேட்டுக்க" என்று வாயால் நிரப்பினாள். ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தவள், ஆளைப் பார்த்து அத்தியாயமும் கொடுத்தாள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனோடு வாழும் முனியாயிக்கு விளக்குமாறு. பிலோமினாளுக்கு, விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம்.

3

பிலோமினாளின் கணவன் மரியராஜ் பினாங்கில் ரப்பர்த் தோட்டத்துக் குமாஸ்தா. ஜப்பான்காரன் அந்தப் பக்கத்தைப் பிடித்த பிறகு தகவலே இல்லை. இரண்டு வருஷமாக அவள் அதே வீட்டில், அதே கதவுக்குப் பின்னால் இருந்தாள். இங்கே அவள் பார்த்தது பதில் வேலை. லீவில் போன டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். உசிலம்பட்டிக்கு அப்பால், எழுமலை மிஷன் பள்ளிக்கூடத்தில் நிரந்தர இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும், இல்லாவிட்டால் அது வேறொருத்திக்கு. போனால் இந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். அவன் வந்து தட்டினால் யாரோ ஓர் அந்நியன் கதவைத் திறப்பான்.

குழாயடிச் சண்டை சனிக்கிழமை காலையில். மத்தியானத்துக்குள் அது ரெங்கம்மாள் காதுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவள் முனியாயியேதான்.

"ஏன்க்கா, எனக்கொரு கதை, அவளுக்கொரு கதையா? நீ சொன்னத நம்பித்தான நான் எம் புருசன் முன்னாடி வெளக்குமாத்த எடுத்தேன்?"

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அப்பறம்?"

"மூணு நாளா வீட்டுப் பக்கம் சத்தமே இல்ல" என்றாள் முனியாயி. சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு குரல் மாறியது. "எனக்கு நல்லதாப் போச்சு. அந்தப் புள்ளைக்கு? அவரு வந்து தட்டுவாரு, நான் இங்கன இருந்தாகணும்னு ஒக்காந்துருக்கு. வேலையும் போயிருமேக்கா?"

முனியாயி போன பிறகு ரெங்கம்மாள் சாப்பிடவில்லை. தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிச் சுவரில் மெல்ல ஊர்ந்தது. தெரு தூங்கியது. வைகை மணல்வெளியில் வண்ணார் துணி அடிக்கும் ஓசை, அடித்த பிறகு எவ்வளவோ நேரம் கழித்து வந்து சேர்ந்தது. அந்த இடைவெளி ஒன்றில் கமலவேணி உள்ளே வந்தாள்.

(ரெங்கம்மாளின் கனவு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அன்று அந்த மாடியில் நானும் கண்ணயர்ந்திருந்தேன். ஒரே தெரு, ஒரே வெயில். கனவு மட்டும் வேறாகவா இருக்கும்?)

கமலவேணியின் தலை நிறையப் பூ. பாதத்தில் மணல். கதவைக் கழற்றித் தலையில் சுமந்து வந்திருந்தாள். அதை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, ரெங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எம் புருசன் வந்தானா, வரலயா?"

"என்னய ஏண்டி கேக்குற? எழுதுனவனப் போய்க் கேளு."

"அந்த ஆளா! அரைப் பக்கத்துல ரயிலேத்திவிட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. எதுக்குச் சிரிச்சேன்னு எனக்கே தெரியல. ஆளுக்கொண்ணு சொல்லி என்னய நடக்கவிட்டது நீதானக்கா."

சாய்த்து வைத்த கதவை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாகத்தான். ரெங்கம்மாள் எழுந்து திறக்கப் போனாள். கை எட்டவில்லை, கதவு ஓடம் மாதிரி நகர்ந்து, மணல்மேல் மிதந்து, தூரம் போய்க்கொண்டே இருந்தது.

விழித்தபோது நிஜமாகவே வாசலில் தட்டும் சத்தம்.

4

வாசலில் பிலோமினாள். தெருமுனையில் குதிரைவண்டி நின்றது. அதில் அவளுடைய தகரப் பெட்டி.

இந்த இடத்தில் வாசகர்களுக்குச் சில முடிவுகளைக் காட்டலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் சேலை விரிப்பதுபோல. எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

பிலோமினாள் ரயிலேறி உசிலம்பட்டியில் இறங்கினாள்—

[இல்லை. போடி போகும் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கமலவேணிக்கு நான் ரயில் கொடுத்தேன். பிலோமினாளுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்தான்.]

பஸ் இருமி இருமி உசிலம்பட்டி சேர்கிறது. அங்கிருந்து மாட்டுவண்டி. எழுமலையில் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்கின்றன. அன்றைக்கென்று பார்த்து, சிம்மக்கல்லில் ஒரு கை அந்தக் கதவைத் தட்டுகிறது. இது ஒன்று.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். பெட்டி மறுபடி உள்ளே போகிறது. கதவு அப்படியே இருக்கிறது, அவளும். வருஷங்கள்—

இதை எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது, பத்திரிகாசிரியர் விரும்புவது: குதிரைவண்டி திரும்பும் நேரத்தில் தாடியும் கந்தலுமாக ஒருவன் எதிரே வருகிறான். வாசகர் கடிதம் குவியும். ஆனால் அந்த வருஷத்தில் பினாங்கிலிருந்து யார் வரமுடியும்? எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

எரிந்துபோன அந்த வாரத்தில் நான் என்ன எழுதினேன் என்று நீங்கள் கேட்கலாம். நினைவிருக்கிறது; சொல்லப்போவதில்லை. மாடிப்படி இறங்கிப்போய், "அம்மா, எழுதியவன் நான்தான்" என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஒரு காலைப் படியில் வைத்தேன். அதற்குள் கீழே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வண்டியேறினாளா, பெட்டியை இறக்கினாளா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் கேட்டதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

"உள்ள வா தாயி" என்றாள் ரெங்கம்மாள். "அழுதுட்டியா?"

"இல்லக்கா. வெயிலு. கமலவேணி பொஸ்தகத்தக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"போறியா? எழுமலைக்கா?"

"வண்டி நிக்குது. இன்னும் ஏறல. அந்த வாரத்த இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

ரெங்கம்மாள் புத்தகத்தை வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லமாட்டேன்."

"ஒரே ஒரு தடவ. அவரு முன்னாடியே ரயில்ல ஏறி அவளுக்கு எடம் புடிச்சு வச்சிருந்தாருன்னு சொன்னீங்கள்ல, அதுல இருந்து."

"ஏத்தா, ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன், என்னய நம்பி ஒக்காந்துராத. அந்த வாரத்த நான் கண்ணால பாத்ததே இல்ல. அம்புட்டும் நானாச் சொன்னது. அவரு வந்ததும் நாஞ் சொன்னது, தட்டுனதும் நாஞ் சொன்னது."

தெருமுனையில் குதிரை குளம்பைத் தட்டியது. பிலோமினாள் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. எங்க பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பத்திரிகை வரும், அந்த வாரத்த நான் அப்பவே படிச்சிட்டேன்; அதுல அவரு வரல, நீங்க சொன்னதுலதான் வந்தாரு, அதக் கேக்கத்தான் திரும்பத் திரும்ப இந்தப் பொஸ்தகத்த வாங்கிட்டுப் போனேன்."