தூசி படாத கருவி

இது நடந்தது ஆடியிலா ஆவணியிலா என்பதில் சந்தேகம் இருக்கிறது. கேட்டவர்களில் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய காலம் என்பது மட்டும் நிச்சயம்.

சுற்றாடல் உத்தியோகத்தர் இரத்தினசிங்கத்துக்குக் காலையில், வானிலிருந்து காற்றின் தூசியைக் காட்டும் செய்மதிப் படம் பார்ப்பது வேலை. திருகோணமலைக் குடாவைச் சுற்றி எல்லாம் பச்சை. குறிஞ்சாக்கேணிப் பக்கம் மட்டும் ஒரு சதுரம், வெற்றிலை துப்பியது போலச் சிவப்பு.

அந்தச் சிவப்புக்குள் ஒரு பாடசாலை. பக்கத்து அரிசி ஆலையில் உமி எரிக்கும் புகைக்குப் பயந்து அதன் யன்னல்கள் மூன்று வருடமாகச் சாத்தியே கிடந்தன. பிள்ளைகள் இருமல்களுக்கு நடுவே வாய்ப்பாடு சொன்னார்கள். ஆலைக்குப் புகை வடிகட்டி பூட்டச் சொல்லி பாடசாலை அதிபர் ஹுஸ்னியா எழுதிய கடிதங்களே ஒரு கோப்பு.

ஆலைக்காரர் அபூதாஹிர் ஹாஜியார் சிரித்தார். "சதுரம் அஞ்சு கிலோமீற்றர் எண்டு நீங்கதானே சொல்றீங்க, சேர். அதுக்குள்ள என்ர மில்லு மட்டுமா? எத்தின வீட்டுக் குசினி அடுப்பு கிடக்கு!"

நியாயமான கேள்விதான். கடைசியில் மூவரும் ஒன்றுக்கு உடன்பட்டார்கள். பாடசாலை யன்னலில் தூசி அளக்கும் கருவி ஏழு நாள் தொங்கும். அது செய்மதியோடு ஒத்துப்போனால் வடிகட்டி. இல்லையென்றால் கோப்பு மூடப்படும்.

"கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ டீச்சர், விலை கூடின சாமான்" என்றார் இரத்தினசிங்கம். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவருடைய தொலைபேசிக்கு அளவு வந்தது. இரண்டு. இரண்டு. ஒன்று. நடுக்கடலில்கூட அவ்வளவு சுத்தமான காற்று இல்லை. செய்மதி பொய் சொல்கிறது என்று நினைத்தார். பிறகு, தான் படித்ததெல்லாமே பொய் என்று நினைத்தார். போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் சனிக்கிழமை. ஆலையைத் திறக்க முதலே ஹாஜியார் வந்துவிட்டார். மூவரும் யன்னலை நிமிர்ந்து பார்த்தார்கள். கருவி ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. வாயை றப்பர் வளையம் இறுக்கியிருந்தது.

இரத்தினசிங்கம் றப்பர் வளையத்தை எட்டி இழுத்துப் பார்த்தார்.

"டீச்சர், இது என்ன?"

"தூசி படும்தானே, சேர்."

"தூசிய அளக்கிற கருவி, டீச்சர்."

ஹாஜியார் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "சோத்துப் பார்சல் மாதிரிக் கட்டி வெச்சிருக்கா!"

ஹுஸ்னியாவின் முகம் கறுத்தது. "சும்மா கட்டினதா? ஒவ்வொரு நாளும் பை கரி புடிச்சிப் போகும். விடிஞ்சதும் புதுசு மாத்தினனான்."

இரத்தினசிங்கம் மெதுவாகக் கேட்டார். "பழைய பைகள்?"

"பொலித்தீன வீசுவாங்களா? கழுவிப் பாவிக்கலாம் எண்டு எடுத்து வெச்சிருக்கன்."

அலுமாரியிலிருந்து ஆறு பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் திகதி இருந்தது; எதற்கும் திகதி போடாமல் விடுகிற பழக்கம் ஹுஸ்னியாவிடம் இல்லை. பைகளை மேசையில் பரப்பி, பக்கத்தில் செய்மதிப் படங்களை வைத்தார்கள். படம் கடுஞ்சிவப்பாக இருந்த திங்கட்கிழமையில் பை அடுப்புச் சட்டியின் அடி. ஆலை மூடிய வெள்ளிக்கிழமையில் படம் வெளுத்திருந்தது. கருவியில் கிடந்த அன்றைய பை, சீனி கட்டிக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம்.

"வெள்ளிக்கிழமைதானே ஹாஜியார், ஊர்க் குசினியெல்லாம் கூடுதலா எரியிறது?" என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

ஹாஜியார் திங்கட்கிழமையை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார்.

"சரி, வடிகட்டி பூட்டுறன். ஆனா அதுக்கு உறை போட மட்டும் டீச்சர விட்டுராதீங்க."

வடிகட்டி இரண்டு மாதத்தில் வந்தது. சதுரம் மஞ்சளானது. யன்னல்கள் திறந்தன, பிள்ளைகள் இப்போது வெளியே பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஏச்சு வாங்குகிறார்கள். ஹாஜியாரின் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. இரத்தினசிங்கம் ஏழு பைகளையும் அறிக்கையோடு கொழும்புக்கு அனுப்பிவிட்டு, மறுவருடம் ஓய்வு பெற்றார். பைகள் திரும்பி வரவில்லை. அவற்றைக் கேட்டு ஹுஸ்னியா இன்னும் கடிதம் எழுதுகிறார்.